பேரீச்சந்தோட்டத்தில் ஒரு கோடை

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. என் கணவர் வேலை மாறியிருந்தார். பழைய கம்பெனி விடுவிப்பதற்கும் புதிய கம்பெனி விசா அடிப்பதற்கும் நடுவில் எங்கள் மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும் யாரோ ஒருவருடைய மேஜை இழுப்பறையில் கிடந்தன. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஷார்ஜாவில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் பாதிக்கு மேல் தமிழ், மலையாளக் குடும்பங்கள். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போகிறவர்கள் எல்லோரும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐந்து வீட்டுச் சாவி. ஒரு வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர், ஒரு வீட்டில் மீனுக்குத் தீனி, இன்னொன்றில் வாரத்துக்கு ஒருமுறை குழாயைத் திறந்துவிட வேண்டும்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. தினமும் காலையில் சாவிக்கொத்தோடு என் பின்னாலேயே வருவாள். மூன்றாம் நாள் படியிறங்கும்போது கேட்டாள்.

"அம்மா, ஆர் வீ த வாட்ச்மேன் நவ்?"

"தமிழ்ல கேளு."

"நாமதான் இனிமே வாட்ச்மேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று பகல் முழுக்க அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே நாற்பத்தைந்து, நாற்பத்தாறு டிகிரி. பூங்காவுக்குப் போக முடியாது. கூட விளையாட ஒரு பிள்ளை கிடையாது. டிவி, தூக்கம், ஜன்னல். இன்னும் எட்டு வாரம் இப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று நினைத்தபோது ஏசி ஓடும் அறையிலேயே எனக்கு மூச்சு முட்டியது.

அந்த வாரம்தான் கீழே இருந்த ஸ்டேஷனரிக் கடையின் கண்ணாடியில் அந்தத் தாளைப் பார்த்தேன். தைது என்ற ஊர்ப் பக்கம் ஒரு குடும்பத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு மூன்று வாரக் கோடை முகாம், விடியற்காலையில் பஸ் வரும், மதியம் கொண்டுவந்து விடும் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. கட்டணம் எங்களுக்கு எட்டாதது. ஆனால் கடைசி வரியில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் தேவை என்றும் இருந்தது. நான் ஊரில் இரண்டு வருடம் ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்த்தவள். கடைக்காரரிடம் போனை வாங்கி அங்கேயே நின்று பேசினேன்.

எடுத்தது ஒரு பெண் குரல். "இந்தி மாலூம்?" என்றது.

"நோ இந்தி. இங்கிலீஷ், தமிழ்."

பிறகு தூரத்தில் அரபியில் ஏதோ பேச்சு. அப்புறம் வேறொரு குரல், நல்ல தமிழில்.

"தமிழா நீங்க? நான் இந்த வீட்டுல வேலை செய்யிறேன், சிலோன். மாமா கேக்கிறாங்க, ஒங்களுக்குப் புள்ளைக இருக்கான்னு."

"ஒரு பொண்ணு. எட்டு வயசு."

மறுபடி அரபி. "அப்ப புள்ளையையும் கூட்டிக்கிட்டு வரட்டுமாம். காசு ஒண்ணும் வேணாமாம். ஞாயித்துக்கெழமை காலையில அஞ்சு மணிக்கு பஸ் வரும்."

போனை வைத்த பிறகு நான் என் கணவரிடம் சொன்னது இதுதான்: "அந்தத் தோட்டத்து மாமா ரொம்ப நல்லவர் போலிருக்கு." முகாமுக்குப் போன முதல் நாள்தான் தெரிந்தது, வளைகுடா வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் எஜமானியைத்தான் 'மாமா' என்று அழைப்பார்கள் என்று. நான் வாசலில் ஒரு பெரியவரைத் தேடிக்கொண்டு நிற்க, கறுப்பு அபாயா அங்கியில் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள் வந்து என் மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "யல்லா" என்று கைதட்டிப் பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் விரட்டிக்கொண்டு போனார்.

ஷார்ஜாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். மணல்மேடுகள் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலைகள் தெரியத் தொடங்கும் இடத்தில் அந்தத் தோட்டம். நானூறு பேரீச்சை மரங்கள், எலுமிச்சை, மாமரம், ஆட்டுக்கொட்டில், கோழிக்கூண்டு, நடுவில் கிணற்றுத் தண்ணீர் விழும் பெரிய சிமெண்ட் தொட்டி. ஜூலை மாதத்தில், அந்த வெயிலில், எந்தப் புத்திசாலி தோட்டத்தில் முகாம் நடத்துவார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை மரங்களுக்குக் கீழே இருப்பது ஷார்ஜாவில் இருப்பதைவிட எவ்வளவோ மேலாக இருந்தது. ஜூலையில்தான் பேரீச்சை பழுக்கும். பாதி மஞ்சளும் பாதித் தவிட்டு நிறமுமாக இருக்கும் பழத்தைக் குலையிலிருந்து பறித்து அப்படியே வாயில் போட்டால் ஒரு பக்கம் கடுக்கென்று கடிபடும், மறுபக்கம் கரையும். பிள்ளைகள் பழம் பறித்தார்கள், முட்டை எடுத்தார்கள், ஆட்டுக்குத் தழை போட்டார்கள். ஒன்பது மணிக்குமேல் தோட்டத்து வீட்டின் கூடத்துக்குள் வந்து ஏசியில் உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள்.

மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் அந்த அம்மாளின் சொந்தக்காரக் குழந்தைகள். மற்றவர்கள் எங்களைப் போல ஊருக்குப் போகாதவர்கள்.

என் மகள் முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஆட்டு வாசனை ஆகாது. கோழி எச்சம் ஆகாது. மண் செருப்புக்குள் போனால் ஆகாது. நான் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். சிலோன் அக்கா எனக்கு மொழிபெயர்த்தாள்.

"ஒங்க மகளுக்கு மூக்கு ஒண்ணும் கழண்டு விழாதாம். நீங்க அங்கிட்டுப் போங்கங்குறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இதைவிடப் பெரியது இரண்டாம் நாள் நடந்தது. கூடத்தில் என்னிடம் பிள்ளைகளை விட்டிருந்தார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வரிசையாக உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். ஏழாம் வாய்ப்பாடு நடுவில் அந்த அம்மாள் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையை வீசி, "கலாஸ். மாஃபி ஸ்கூல்" என்றார், போதும், இங்கே பள்ளிக்கூடம் கிடையாது என்று. பிள்ளைகள் எல்லோர் முன்னாலும். என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் சிலோன் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நான் அழுதேன். வெங்காயத்தின்மேல் பழி போட வசதியாக இருந்தது. அக்கா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பதினோரு வருடமாக இந்த வீட்டில் இருந்தாள். அரபி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"தங்கச்சி, அவுங்க பேச்சு அப்புடித்தான். மொத மாசம் நானும் இப்புடித்தான் அழுதேன்," என்றாள். "மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டாங்க. நீங்களும் வச்சிக்காதீங்க."

நான் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் வைத்துக்கொண்டேன். காலையில் பஸ்ஸில் ஏறும்போதே அந்த அம்மாளைப் பற்றி மனதுக்குள் எனக்கு நானே புகார் சொல்லிக்கொண்டு போவேன். ஆனால் என் மகளோ மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஒரு வெள்ளாட்டுக்குட்டி அவள் துப்பட்டாவை மென்று ஓட்டை போட்டுவிட்டது. அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள். அந்தச் சந்தோஷத்துக்காக நான் வெங்காயம் உரித்தேன்.

மூன்றாவது வாரம், முகாம் முடிய இரண்டு நாள் இருக்கையில், காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது.

அந்த ஊரில் கரண்ட் போனால் பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். கூடத்தில் குளிர்ச்சி இன்னும் மிச்சம் இருந்தது. பிள்ளைகள் கத்தி விளையாடினார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. கண்ணாடி ஜன்னல்கள் வைத்த, காற்று நுழைய வழியில்லாத கூடம் அது. ஏசி இல்லாவிட்டால் அடுப்பு. கதவைத் திறந்தால் வெளிக்காற்று இன்னும் மோசம், முகத்தில் நெருப்பு பட்டதுபோல் இருந்தது. பக்கத்துத் தோட்டங்களிலும் கரண்ட் இல்லை என்று தெரிந்தது. பஸ் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போயிருந்தது. மதியம்தான் வரும். டிரைவரை போனில் பிடித்து உடனே வரச் சொன்னார்கள். வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். தோட்டத்து ஆட்கள் இருவர் பிக்கப்பில் பழத்தை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தார்கள். அந்த அம்மாளின் காரில் ஏழு பேர் உட்காரலாம். பிள்ளைகள் இருபத்திரண்டு.

நான் பிள்ளைகளின் முகத்தைக் கழுவிவிடலாம் என்று குழாயைத் திறந்தேன். கை வெந்தது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் ஜூலையில் டீ போடும் சூட்டில் இருக்கும். அதை நான் மறந்தேபோனேன்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்த குடிதண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தது. அந்த அம்மாள் எல்லாப் பிள்ளைகளையும் மாமரத்தடிக்கு, நிழல் அடர்ந்திருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். சிமெண்ட் தொட்டியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. இருந்ததும் வெயிலில் கொதித்துக் கிடந்தது. கிணற்று மோட்டாருக்கும் கரண்ட்தான் வேண்டும்.

அப்போதுதான் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் அண்ணன் வந்தார். அவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். தலையில் துண்டு, முழங்காலுக்குமேல் மடித்த கைலி. அவர் நேராக என்னிடம்தான் வந்தார். அந்த அம்மாளிடம் சொல்ல அவரிடம் அவ்வளவு அரபி இல்லை.

"தங்கச்சி, பழைய கெணத்துல ஆயில் இஞ்சின் ஒண்ணு கெடக்கு. அத ஓட்டுனா தொட்டிக்குத் தண்ணி வந்துரும். பச்சத் தண்ணி, சில்லுன்னு இருக்கும். ஆனா ஒத்த ஆளா முடியாது. கூட ஒருத்தர் வேணும்."

"ஓடுமாண்ணே அது?"

"மாசத்துக்கு ஒரு தடவ நானா ஓட்டிப் பாப்பேன். துருப்புடிச்சுப் போச்சுன்னா பாவமா இருக்குமுல்ல."

யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. அந்த இஞ்சின் அங்கே இருப்பதையே வீட்டுக்காரர்கள் மறந்துவிட்டிருந்தார்கள். நான் அக்காவிடம் இரண்டு வரியில் சொன்னேன். அவள் அந்த அம்மாளிடம் சொல்வதற்குள் நானும் அந்த அண்ணனும் ஓடிக்கொண்டிருந்தோம். என் மகள் மாமரத்தடியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பதைத் திரும்பி ஒருமுறை பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாள்.

தகரக் கொட்டகைக்குள் இஞ்சினைத் தொட முடியவில்லை. சூடு. அவர் துண்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தார். பம்புக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். நான் சிமெண்ட் தொட்டியில் கிடந்த தண்ணீரை வாளியில் மொண்டு மொண்டு வந்து கொடுத்தேன். ஆறு வாளியோ ஏழு வாளியோ. பிறகு ஒரு லிவரைக் காட்டினார்.

"இதத் தூக்கிப் புடிச்சுக்குங்க. நான் கைப்புடியப் போட்டுச் சுத்துவேன். நல்லா வேகம் வந்ததும் 'விடு'ம்பேன். அப்ப விட்ரணும். முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது."

முதல் தடவை நான் முன்னாலேயே விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை அவர் கைப்பிடி வழுக்கியது. மூன்றாம் தடவை இஞ்சின் இருமிவிட்டு நின்றது. அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி இஞ்சின்மேல் விழுந்து உடனே காய்ந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பதறாதீங்க. அதுக்கும் நம்மளப் போலத்தான். வெயில்ல எந்திரிக்க மனசு வராது."

நான்காவது தடவை பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்தது. கறுப்புப் புகை கிளம்பியது. கொட்டகைக்கு வெளியே குழாய் வாய் இரண்டு முறை காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். நான் அதில் கையை வைத்தேன். குளிர்ந்தது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் தண்ணீரைத் தொட்டு நான் அப்படி அழுததில்லை.

அண்ணன் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார். இஞ்சின் நிற்காமல் ஓடுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பியபோதுதான் அக்கா என்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்தேன்.

"தங்கச்சி, ஒங்க மகளுக்கு ஒடம்பு சரியில்ல."

நான் இஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தில் என் மகள் மாமரத்தடியிலிருந்து எழுந்து ஆட்டுக்கொட்டிலுக்குப் போயிருக்கிறாள். குட்டிக்குத் தண்ணீர் வைக்க. வெயிலில் போய், வெயிலில் திரும்பி வந்திருக்கிறாள். வந்து உட்கார்ந்தவள் ஏதேதோ பேசத் தொடங்கியிருக்கிறாள். மீனுக்குத் தீனி போடவில்லை, சாவி எங்கே என்று கேட்டாளாம். முதலில் கவனித்தது அந்த அம்மாள்தான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். உடம்பு நெருப்பாய் இருந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். அபாயாவோடு, தலைத்துணியோடு, கைக்கடிகாரத்தோடு. என் மகளை மடியில் போட்டு, இஞ்சின் குழாயிலிருந்து விழும் தண்ணீர் அவள் தலையிலும் கழுத்திலும் படும்படி பிடித்துக்கொண்டிருந்தார். கறுப்புத் துணி தண்ணீரில் விரிந்து மிதந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோரையும் உள்ளே இறங்கச் சொல்லியிருந்தார். இருபத்தொரு பிள்ளைகளும் உடுத்திய துணியோடு சுற்றி நின்றார்கள்.

நான் தொட்டிக்குள் குதித்தேன். அவர் பிள்ளையை என்னிடம் தரவில்லை. தலையை மட்டும் ஆட்டி, அவள் கால்களைத் தேய்க்கும்படி சைகை செய்தார். நான் தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மகள் கண்ணைத் திறந்து அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க ஏன் டிரெஸ்ஸோட குளிக்கிறீங்க?"

அந்த அம்மாளுக்கு அது புரியவில்லை. ஆனால் தெளிவாகப் பேசுகிறாள் என்பது புரிந்தது. அவர் அரபியில் இறைவனுக்கு நன்றி சொல்வது என் காதில் விழுந்தது. எனக்கு வந்தது முருகா என்ற ஒரே சொல்.

அதற்குமேலும் அவர் ஒரு நிமிடத்தை வீணாக்கவில்லை. அக்காவையும் அண்ணனையும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஈரத்தோடு காரில் ஏறி, எங்கள் இருவரையும் பின்னால் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். சரியான நேரத்தில் தண்ணீரில் போட்டிருக்கிறீர்கள், இன்னும் அரை மணி தள்ளிப்போயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த 'வேறு மாதிரி' என்ன என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஏசி இருந்தது. ஈர அபாயாவோடு அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். நான் நர்ஸிடம் ஒரு போர்வை கேட்டு வாங்கி அவர் தோளில் போட்டேன். அவருக்கு அரைகுறை ஆங்கிலம், எனக்கு ஐந்தாறு அரபிச் சொற்கள். இருந்தாலும் அன்றைக்குத்தான் நாங்கள் முதல் தடவையாகப் பேசினோம். தன்னுடைய சிறு வயதில் இந்த நாட்டில் கரண்டே கிடையாது என்றார். கோடை வந்தால் கடற்கரை ஊர்களில் இருந்தவர்கள் எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் பேரீச்சந்தோட்டங்களுக்குத்தான் போவார்களாம். ஒட்டகத்தில் நான்கு நாள் பயணம். மரங்களின் நிழலில் ஓலைக் குடிசை. வாய்க்கால் தண்ணீரில் பகல் முழுக்கப் பிள்ளைகள் கிடப்பார்கள். பழம் முடியும்வரை, வெயில் இறங்கப்போவதைக் காட்டும் சுஹைல் நட்சத்திரம் வானத்தில் தெரியும்வரை. அதுதான் எங்களுக்கு வருடத்திலேயே நல்ல காலம் என்றார்.

"ஸம்மர், தோட்டம் டைம்," என்றார். "இப்போ எல்லாம் ஏசி. பிள்ளை மரம் தெரியாது."

கோடையில் தோட்டத்தில் முகாம் நடத்தும் இவர் புத்திசாலிதானா என்று நான் மூன்று வாரமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய ஊரில் கோடை என்றாலே தோட்டம்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வாய்ப்பாட்டை ஏன் நிறுத்தினார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பத்து மாதம் நான்கு சுவருக்குள் இருந்த பிள்ளைகளை மறுபடி நான்கு சுவருக்குள் உட்கார வைத்து ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் என் கணவர் கோபப்பட்டார். அவர் கோபப்படுவதே அபூர்வம். "புள்ளைய வெளையாட அனுப்புனமா, இல்ல வெயில்ல காய வைக்க அனுப்புனமா? இனி அந்தப் பக்கமே போக வேண்டாம், கேட்டியா," என்றார். அவளை விட்டுவிட்டு இஞ்சினிடம் போனது நான்தானே. அந்தக் குற்ற உணர்ச்சி இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆனால் நான் போகாமல் இருந்திருந்தால் தொட்டியில் தண்ணீர் இருந்திருக்காது. இதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் போன் வந்தது. அந்த அம்மாள் முகாமை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அவரே போன் செய்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த போனை என் கணவர்தான் எடுத்தார். அக்கா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"மாமா சொல்றாங்க, கரண்ட் போனா என்ன செய்யிறதுன்னு அவுங்கதான் முன்னாடியே யோசிச்சிருக்கணுமாம். அது அவுங்க தப்பாம். ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க."

என் கணவர் இந்த நாட்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். இங்கே மேலே இருக்கிற யாரும் தப்பு என்னுடையது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பெரிய மனுஷிதான்," என்றார்.

அக்டோபர் கடைசியில் வெயில் தணிந்தது. பிள்ளைகள் மறுபடி பூங்காவுக்குப் போகத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஊரிலிருந்து திரும்பி, சாவிகள் அவரவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். நடவு தொடங்கப் போகிறது, முகாமுக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் குடும்பத்தோடு வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு வர வேண்டும் என்று மாமா சொல்கிறார்கள் என்றாள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர், "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குப் பார்த்த தோட்டம் வேறு. மரத்தடியில் பாய் விரித்து, பெரிய தட்டுகளில் சோறும் ஆட்டிறைச்சியும், எங்களைப் போல இறைச்சி சாப்பிடாதவர்களுக்கென்று தனியாகக் கத்தரிக்காயும் பருப்பும். மலைக்காற்று வந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் புது ஜெனரேட்டர் ஒன்று நின்றது. என் கணவர் அதைப் பார்க்கவே இல்லை. நேராகப் பழைய இஞ்சினிடம் போனார். அந்தப் புதுக்கோட்டை அண்ணன் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு கூச்சத்தோடு நின்றார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அண்ணனே காப்பாற்றினார்.

"ஓட்டிக் காட்டவா சார்?"

இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினார்கள். லிவரை என் கணவர் பிடித்தார். முதல் தடவையிலேயே ஓடிவிட்டது. அதை இன்றுவரை என்னிடம் சொல்லிக் காட்டுகிறார்.

அந்த அம்மாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாத்தி கொடுத்தார். கயிறு கட்டிப் பிரித்து வைத்திருந்தார். என் மகளுக்கு முள்ளங்கி விதை. மற்றவர்களுக்குக் கீரை, வெள்ளரி, தக்காளி நாற்று. என் மகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணுக்குள் இறங்கினாள். நான் தள்ளி நின்றேன்.

அதற்குப் பிறகு நான்கு கோடைகள் அந்த முகாமில் வேலை பார்த்தேன். ஊருக்குப் போகும் வருடங்களிலும் முகாம் முடிந்த பிறகே போனோம். புள்ளிக்கோலம் போடவும் காகிதக் கப்பல் செய்யவும் கற்றுக்கொடுத்தேன், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த அம்மாள் கடைசிவரை அதட்டித்தான் பேசினார். நான் கடைசிவரை இந்தி கற்றுக்கொள்ளவில்லை. சிலோன் அக்கா இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு நானும் அந்த அம்மாளும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டோம். குறை ஒன்றும் வரவில்லை. என் மகள் இன்று நன்றாக இருக்கிறாள். யார் யாரால் இருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தால் மூன்று பேர் என் கண்முன் வருகிறார்கள். மூவரும் எனக்குச் சொந்தமில்லை, ஒரே நாட்டுக்காரர்களும் இல்லை.

அந்த முதல் வருடம் நடவு முடிந்து நான்கு வாரம் கழித்து நாங்கள் மறுபடி போனோம். முள்ளங்கி தயாராக இருந்தது. என் மகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணைத் தட்டி எடுத்தாள். அங்கேயே சமையலறையில் நான் முள்ளங்கி சாம்பார் வைத்தேன். அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்து, ஒரு ரொட்டித் துண்டைச் சாம்பாரில் தோய்த்து வாயில் வைத்தார். முகம் லேசாகச் சுருங்கியது. இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு ரகசியமாக ஏதோ கேட்டார்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள். "இது சாப்பாடா, இல்ல வயித்துக்கு மருந்தான்னு கேக்குறாங்க தங்கச்சி."

"சாப்பாடுதான்னு சொல்லுங்கக்கா."

அக்கா சொன்னாள். அவர் தலையாட்டினார். என் மகள் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நட்ட முள்ளங்கி அது. அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.